ஜெர்மன் பெயர்களுடன் ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்: நோட்டேஷன் மென்பொருளை வழிக்குக் கொண்டுவரும் முறை

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ஸ்கோர் (எல்லாக் கருவிகளின் இசையும் ஒன்றாக எழுதப்பட்ட தாள்) ஒன்றை ஜெர்மன் மொழி பேசும் இசைக்குழுவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்போதும், பழைய ஜெர்மன் பதிப்பு ஒன்றைக் கணினியில் மீண்டும் எழுதியெடுக்கும்போதும், கருவிப் பெயர்களை எல்லாம் முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். மென்பொருளோடு மல்லுக்கட்ட நேர்வது பெரும்பாலும் இந்தத் தள்ளிப்போடலால்தான். ஸ்டாஃபின் (சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசை) இடப்பக்கத்தில் ஒரு பெயராகத் தெரிவது மென்பொருளுக்குள் மூன்று தகவல்களாக இருக்கிறது: தாளில் அச்சாகும் எழுத்து, எழுதிய சுரத்திலிருந்து அக்கருவி எவ்வளவு மேலோ கீழோ ஒலிக்கும் என்னும் சுருதிமாற்றக் கணக்கு, கணினி வாசித்துக் காட்டும்போது எந்தக் கருவியின் ஒலியை எடுக்க வேண்டும் என்னும் அடையாளம். ஜெர்மனுக்கு மாற வேண்டியது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டும் தொடப்படாமல் இருக்கும்படி முதலாவதை மாற்றுவதுதான் இங்கே கற்க வேண்டிய வேலை.

கீழே ரோமன் எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயர்களால் குறிப்பிடுகிறேன். ஜெர்மன் சொற்களின் தமிழ் வடிவம் உச்சரிப்பை ஏறக்குறைய ஒட்டியது.

பெயரை எங்கே மாற்றுவது

பக்கத்தில் தெரியும் பெயரை அழித்துவிட்டு அதே இடத்தில் ஒரு சாதாரண உரைப்பெட்டியை வைத்து நிரப்புவதுதான் முதலில் தவிர்க்க வேண்டியது. முதல் பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டாம் பக்கத்தின் சுருக்கப்பெயரும், பார்ட்டின் (ஒரு வாசிப்பாளருக்கு உரிய தனித்தாள்) தலைப்பும், வாசிப்பவர் பாதியில் புல்லாங்குழலை வைத்துவிட்டு பிக்கலோவை எடுக்கும் இடத்தில் தானாகத் தோன்றும் குறிப்பும் கருவியின் வரையறையிலிருந்தே எடுக்கப்படுவதால், அங்கெல்லாம் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். மியூஸ்ஸ்கோர் என்னும் நோட்டேஷன் நிரலில் பெயரின் மேல் இருமுறை சொடுக்கினால் அந்த ஸ்டாஃபின் பண்புகள் திறக்கும். முழுப்பெயரையும் சுருக்கத்தையும் அங்கே தனித்தனியாக எழுதலாம். சிபேலியஸில் கருவிகளைத் திருத்தும் தனிச் சாளரம் இருக்கிறது. டோரிகோவில் ஒருமை, பன்மை, முழுப்பெயர், சுருக்கம் ஆகிய அனைத்துக்கும் இடம் உண்டு. ஜெர்மனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பன்மைகளைப் பார்க்கும்போது விளங்கும்.

மியூஸ்ஸ்கோரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்கோரில் கருவியைச் சேர்க்கும் நேரத்தில் நிரல் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியின் பெயரே கோப்பில் பதிவாகிறது. ஆகவே நிரலின் மொழியை ஜெர்மனாக மாற்றி, மூடித் திறந்து, புதிய ஸ்கோரில் கருவிகளை எல்லாம் சேர்த்துச் சேமித்த பிறகு, பழகிய மொழிக்கே திரும்பிவிடலாம். பதிவான பெயர்கள் அப்படியே நிற்கும். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே எழுதி முடித்த ஸ்கோரைத் திறந்து மொழியை மாற்றினால் பட்டிகள் மட்டும் ஜெர்மனாகும், ஸ்டாஃபின் பெயர்கள் அசையா. வேறு சில மென்பொருட்களில் நிரலின் மொழியும் கருவிப் பெயர்களின் மொழியும் தனித்தனி அமைப்புகளாக இருப்பதால், ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்று மாறவில்லையே என்று தேடிக்கொண்டிருக்க நேரலாம்.

பி என்றால் பி அன்று

ஜெர்மன் முறையில் பி என்னும் எழுத்து ஆங்கில முறையின் பி ஃப்ளாட்டை (பி-யைவிட அரைச்சுரம் தாழ்ந்த சுரம்) குறிக்கிறது. பி நேச்சுரலுக்கு (மாற்றமில்லாத பி) எச் என்று பெயர். அரைச்சுரம் உயர்த்தும் ஷார்ப்புக்கு 'இஸ்' விகுதியும் ஃப்ளாட்டுக்கு 'எஸ்' விகுதியும் சேரும்: எஃப் ஷார்ப் 'ஃபிஸ்', டி ஃப்ளாட் 'டெஸ்'. இ ஃப்ளாட்டும் ஏ ஃப்ளாட்டும் மட்டும் சுருங்கி 'எஸ்', 'ஆஸ்' என்று நிற்கும். இசையமைப்பாளர் பாக் தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் சுரங்களாக்கி, முற்றுப்பெறாமல் நின்ற தமது கடைசி ஃபியூகில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறி எடுத்துப் பின்னும் இசைவடிவம்) வைக்க முடிந்தது இந்த முறையால்தான். அந்த நான்கும் ஆங்கிலக் கணக்கில் பி ஃப்ளாட், ஏ, சி, பி நேச்சுரல்.

எனவே 'கிளாரினெட்டெ இன் பி' என்பது எல்லா இடத்திலும் உள்ள சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட்தான். 'ட்ரொம்பேட்டெ இன் பி' என்பதும் அப்படியே. ஜெர்மன் பெயரை எழுதிவிட்டு அதன் பின்னால் ஃப்ளாட் குறியையும் சேர்ப்பது இரண்டு முறைகளைக் கலந்த குழப்பம்; ஜெர்மன் வாசிப்பாளர் ஒரு நொடி நின்று யோசிப்பார். இதில் ஒரு சிறு லாபமும் இருக்கிறது. உரை எழுத்துருவில் ஃப்ளாட் குறி இல்லாததால் பெயருக்கு நடுவே வெற்றுக் கட்டம் அச்சாகும் தொல்லை ஜெர்மன் பெயர்களில் கிடையாது. பி, எஸ், ஆஸ் எல்லாம் வெறும் எழுத்துகளே.

உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. ஜெர்மன் பதிப்பைப் பார்த்து எழுதியெடுப்பவர், அதில் 'இன் பி' என்று கண்டு, பட்டியலில் உள்ள ஆயத்தக் கருவியை விட்டுவிட்டுச் சுருதிமாற்றத்தைத் தாமே பி நேச்சுரலுக்கு அமைத்தால், அந்த ஸ்டாஃப் முழுவதும் அரைச்சுரம் தவறிவிடும். தாளில் எழுதப்பட்ட சுரங்கள் மூலத்தோடு ஒத்திருப்பதால் கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. சோதிக்கும் வழி எளிது. எழுதிய சுருதியைக் காட்டும் பார்வையில் அந்த ஸ்டாஃபில் ஒரு சி சுரத்தை இடுங்கள்; பிறகு ஒலிக்கும் சுருதியைக் காட்டும் பார்வைக்கு மாறுங்கள். அந்தச் சுரம் இரண்டு அரைச்சுரம் இறங்கி பி ஃப்ளாட்டாகத் தெரிந்தால் கணக்கு சரி. ஓர் அரைச்சுரம் மட்டும் இறங்கி பி நேச்சுரலாக நின்றால், பெயரை மொழிபெயர்க்கும் சாக்கில் சுருதியையும் மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். மாற்றிய ஒவ்வொரு கருவிக்கும் இதைச் செய்யுங்கள். 'ஹோர்ன் இன் எஃப்' என்றால் சி சுரம் ஐந்தாம் சுரம் கீழிறங்கி எஃப் ஆக வேண்டும். 'கிளாரினெட்டெ இன் எஸ்' என்றால் மேலேறி இ ஃப்ளாட் ஆக வேண்டும்.

கிண்ண வடிவப் பெரிய முரசான டிம்பனிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 'பௌக்கன் இன் பி, எஃப்' என்பது பி ஃப்ளாட்டிலும் எஃப்பிலும் கூட்டிய இரண்டு டிம்பனிகள். நடுவில் சுருதியை மாற்றச் சொல்லும் குறிப்பில் 'பி-யிலிருந்து எச்-க்கு' என்று இருந்தால் அது அரைச்சுரம் ஏற்றுவது. தலைப்புப் பக்கத்தில் படைப்பின் சுருதியை எழுதும்போது மேஜருக்குப் பெரிய எழுத்தும் மைனருக்குச் சிறிய எழுத்தும் இடுவது ஜெர்மன் மரபு. ஆங்கிலத்தில் பி மைனர் என்று வழங்கும் பாக்கின் மாஸ் (திருப்பலி இசை) அங்கே சிறிய எச்-உடன் 'ஹா-மோல்' என்றே அச்சாகிறது.

கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) குறிகளை ஜெர்மன் முறையில் காட்டும் அமைப்பு மியூஸ்ஸ்கோரின் பாணிச் சாளரத்தில் உண்டு. அது கார்டுகளை மட்டுமே மாற்றும், கருவிப் பெயர்களைத் தொடாது. லில்லிபாண்ட் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நிரலில் சுரங்களை எழுத்தாகத் தட்டெழுதுகிறோம். வழக்கமான நிலையில் அது டச்சுப் பெயர்களைப் பின்பற்றுவதால் பி என்றால் பி நேச்சுரல். கோப்பின் தலையில் மொழி 'டாய்ச்' என்று ஒரு வரி சேர்த்தால், அதே பி அந்த நொடி முதல் பி ஃப்ளாட் ஆகிவிடும். பாதி எழுதிய கோப்பில், பெயர்கள் ஜெர்மனாகும் என்ற எண்ணத்தில் அந்த வரியைச் சேர்ப்பவருக்கு பி என்ற எழுத்துக்காக எந்தப் பிழைச்செய்தியும் வராது, பெயர்களும் மாறா, சுரங்கள் மட்டும் மாறியிருக்கும். அந்த வரி நாம் தட்டெழுதும் சுரங்களுக்கு உரியது. பெயர்களை ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் நாமேதான் எழுத வேண்டும்.

ஒரு புள்ளியும் பன்மையும்

ஜெர்மனில் எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் அது வரிசை எண். '2 ஃப்ளோட்டென்' என்றால் இரண்டு புல்லாங்குழல்கள், '2. ஃப்ளோட்டெ' என்றால் இரண்டாம் புல்லாங்குழல். ஒரே ஸ்டாஃபில் இருவர் வாசிப்பதையும் இரண்டாமவர் மட்டும் வாசிப்பதையும் இந்தப் புள்ளியே பிரித்துக் காட்டுகிறது. மென்பொருட்கள் தாமாக எண்ணிடும்போது எண்ணைப் பெயருக்குப் பின்னால் வைப்பதால் 'ஃப்ளோட்டெ 2' என்று வரும்; அது தவறில்லை, பல பதிப்பகங்கள் ஏற்கும் வடிவமே. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஸ்கோர் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தானியங்கி எண்ணிடலை நிறுத்தாமல் பெயருக்குள் நீங்களும் எண்ணை எழுதினால் '2. ஃப்ளோட்டெ 2' என்ற வேடிக்கை அச்சாகும்.

பன்மைகளை ஆங்கிலத்தில் போல ஓர் எழுத்தைச் சேர்த்து முடிக்க முடியாது. ஃப்ளோட்டெ ஃப்ளோட்டென் ஆகும், ஓபோயெ ஓபோயென் ஆகும், கிளாரினெட்டெ, ட்ரொம்பேட்டெ, போசௌனெ (ட்ராம்போன்) ஆகியவையும் அந்த வழியே செல்லும். பஸ்ஸூனுக்கு உரிய ஃபாகொட் பன்மையில் ஃபாகொட்டெ. ஹோர்ன் உள்ளுக்குள்ளேயே மாறி ஹோர்னர் ஆகும், அதுவும் ஓ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளியோடு. டபுள் பேஸின் கோன்ட்ராபாஸ், ஏ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி பெற்று கோன்ட்ராபெஸ்ஸெ ஆகும். சிம்பலுக்கு உரிய பெக்கன் ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றே. ஆகவே 'தேடி மாற்று' வசதியை நம்பி இறங்காதீர்கள்; கருவிப் பட்டியலை ஒருமுறை கையால் எழுதி, ஒருமை பன்மை இரண்டையும் சரிபார்த்துக்கொண்டு பிறகு மென்பொருளில் இடுங்கள்.

சுருக்கங்களில் மோதல்

முழுப்பெயர் முதல் பக்கத்தோடு போய்விடும். மீதி ஸ்கோர் முழுவதையும் நடத்துநர் சுருக்கங்களைக் கொண்டுதான் படிக்கிறார். ஜெர்மனில் மோதும் எழுத்துகள் சில உண்டு. கே-எல் என்பது கிளாரினெட்டின் சுருக்கம்; 'கிளைனெ', அதாவது சிறிய என்ற அடைமொழியின் சுருக்கமும் அதுவே. பிக்கலோவை 'கிளைனெ ஃப்ளோட்டெ' என்று எழுதிச் சுருக்கினால் கே-எல், எஃப்-எல் என்று வரும். அவசரத்தில் பார்ப்பவருக்குக் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் ஒரே ஸ்டாஃபில் இருப்பதுபோலத் தோன்றும். ஸ்நேர் டிரம்மான 'கிளைனெ ட்ரொம்மல்' இன்னும் மோசம், ஏனெனில் டி-ஆர் என்ற சுருக்கம் ட்ரம்பெட்டையும் நினைவூட்டும். ட்ரம்பெட்டுக்கு டி-ஆர்-பி என்றும், பிக்கலோவுக்கு 'பிக்.' என்றும் வைத்துக்கொண்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. ஹார்னுக்கு எச்-ஆர் என்றும் ஹார்ப்புக்கு எச்-ஆர்-எஃப் என்றும் எழுதும் வழக்கத்தில் ஓர் எழுத்தே வித்தியாசம். ஹார்ப்புக்கு முழுப்பெயரையே விட்டுவிடலாம், 'ஹார்ஃபெ' ஐந்து எழுத்துதான்.

இத்தாலியன் கலப்பது இதைவிடப் பெரிய தொல்லை. வயோலாவை 'ப்ராட்ஷெ' என்று எழுதும் ஸ்கோரில் ட்ரம்பெட்டை 'ட்ரோம்பா' என்று விட்டுவைத்தால், சுருக்கத்தில் அது டிரம்முடன் மோதும். செல்லோ போன்றவற்றுக்கு இத்தாலிய வடிவமே ஜெர்மனிலும் வழங்குவதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்றவை ஒரே மொழியில் நிற்கட்டும்.

வாசிப்புக் குறிப்புகளும் இந்த மொழி மாற்றத்தில் சேரும். மியூட் (ஒலியடக்கி) இட்டு வாசிக்கச் சொல்ல 'மிட் டெம்ப்ஃபர்', இரண்டாகப் பிரிய 'கெடைல்ட்', இருவரும் சேர்ந்து வாசிக்க 'ட்சு 2'. இவற்றை வெறும் உரையாகத் தட்டினால், மென்பொருளின் அகராதி இத்தாலியச் சொல்லை மட்டும் அறிந்திருக்கும் பட்சத்தில், கணினி மியூட் இல்லாமலே வாசித்துக் காட்டும். சிபேலியஸில் வாசிப்பு அகராதியில் புதிய சொல்லைச் சேர்க்கலாம். டோரிகோவில் ஏற்கெனவே உள்ள வாசிப்பு நுட்பத்தின் அச்செழுத்தை மட்டும் ஜெர்மனாக்கலாம். 'பிட்ஸ்.' போன்றவற்றை ஜெர்மன் ஸ்கோர்களும் அப்படியே வைத்திருப்பதால் அவற்றில் கைவைக்கத் தேவையில்லை.

எழுத்துக்கூட்டல்

இரட்டைப் புள்ளி எழுத்துகள் தேவைப்படும் பெயர்கள் குறைவுதான்: ஃப்ளோட்டெ, ஹோர்னர், கோன்ட்ராபெஸ்ஸெ, ட்யூபுலர் பெல்ஸுக்கு உரிய ரோரென்கிளோக்கன், டெம்ப்ஃபர். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0246 தட்டினால் புள்ளியிட்ட சிறிய ஓ வரும். ஏ-க்கு 0228, யு-க்கு 0252. மேக்கில் ஆப்ஷனோடு யு தட்டிவிட்டு உரிய உயிரெழுத்தைத் தட்டினால் போதும். பேஸ் டிரம்மின் 'க்ரோஸெ ட்ரொம்மல்' என்ற பெயருக்கு உரிய ஜெர்மன் கூர் எஸ் எழுத்துக்கு 0223, மேக்கில் ஆப்ஷனும் எஸ்ஸும்.

இந்தக் கூர் எஸ் பழைய பதிப்புகளைப் படியெடுப்போரைத் தடுமாற வைக்கும். 1996-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் கோன்ட்ராபாஸும் பாஸ்கிளாரினெட்டெயும் கூர் எஸ்ஸோடு அச்சாயின. குறில் உயிருக்குப் பின் இரட்டை எஸ் என்ற புதிய விதியால் இன்று அவை இரண்டு எஸ்ஸோடு எழுதப்படுகின்றன. 'க்ரோஸெ'யில் உயிர் நெடில் என்பதால் கூர் எஸ் அப்படியே தொடர்கிறது. 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் கிளாரினெட்டுக்கு கே-க்குப் பதிலாக சி இருப்பதும் சாதாரணம். மூலத்தை அப்படியே பதிப்பிப்பதென்றால் பழைய வடிவத்தை விடுங்கள். வாசிப்பதற்கான புதிய பிரதி என்றால் இன்றைய வடிவத்துக்கு மாற்றுங்கள். கூட்டுச்சொற்களை இடைவெளி விட்டுப் பிரிப்பது மட்டும் இன்று ஏற்கப்படாதது. பாஸ்கிளாரினெட்டெ ஒரே சொல்.

ஒரே சொல்லாக நீள்வதால் இடமும் போதாமல் போகும். லில்லிபாண்டில் முதல் வரிசையின் உள்தள்ளல் பெயரின் நீளத்துக்கு ஏற்பத் தானாக விரியாது. அடுத்த வரிசைகளுக்கு உரிய உள்தள்ளல் தொடக்கத்தில் சுழியமாகவே இருக்கும். இரண்டையும் நாமே கூட்டாவிட்டால் பெயர்கள் இடது ஓரத்தைத் தாண்டி ஓடும். 'இன் பி' என்பதை இரண்டாம் வரியில் வைத்தால் அகலம் கணிசமாகக் குறையும்.

பாஸ்கிளாரினெட்டும் பழைய கோப்புகளும்

பாஸ்கிளாரினெட்டுக்கு இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. ஃபிரெஞ்சு முறையில் ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த சுரங்களுக்கான ஸ்டாஃபின் தொடக்கக் குறி) எழுதி, ஓர் ஆக்டேவும் (ஸ்தாயி) ஒரு முழுச்சுரமும் கீழே ஒலிக்கும். ஜெர்மன் முறையில் பாஸ் கிளெஃபில் (தாழ்ந்த சுரங்களுக்கான குறி) எழுதி, ஒரு முழுச்சுரம் மட்டும் கீழே ஒலிக்கும். மென்பொருட்கள் இவற்றை இரண்டு தனிக் கருவிகளாகப் பட்டியலிடுகின்றன. ஜெர்மன் பதிப்பைப் பார்த்து எழுதும்போது ட்ரெபிள் கிளெஃப் கருவியை எடுத்துப் பெயரையும் கிளெஃபையும் மட்டும் மாற்றினால், எல்லாம் ஓர் ஆக்டேவ் கீழே போய்விடும். கருவியையே மாற்றுங்கள்.

1988-இல் வெளிவந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி முடிவுக்கு வருவதாக 2024 ஆகஸ்ட் 26 அன்று அறிவிக்கப்பட்டதால், பழைய கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் பொதுக் கோப்பு வடிவத்தின் வழியாக வேறு நிரலுக்குக் கொண்டுபோகும் வேலை இப்போது பலர் கையில் இருக்கிறது. அந்த வடிவத்தில் பார்ட்டின் பெயரும் சுருக்கமும் ஒலியின் அடையாளமும் தனித்தனிப் பதிவுகள். ஒலி அடையாளம் கட்டாயமில்லை. அது இல்லாத கோப்பைத் திறக்கும் நிரல் பெயரைப் பார்த்துக் கருவியை ஊகிக்கலாம். ப்ராட்ஷெ என்றால் என்னவென்று தெரியாத நிரல் பியானோவைக் கொடுத்துவிடும். எனவே ஆங்கிலப் பெயர்களோடு ஏற்றுமதி செய்து, புதிய நிரலில் திறந்து, கருவிகள் சரியாக அடையாளம் காணப்பட்டதை உறுதிசெய்த பிறகே ஜெர்மனுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே ஜெர்மனில் இருக்கும் கோப்பானால், திறந்ததும் ஒவ்வொரு ஸ்டாஃபின் கருவியையும் சரியானதாக மாற்றிவிட்டு, பெயர் ஆங்கிலமாகிவிட்டதா என்று மறுபடி பாருங்கள்.

பார்ட்களைத் தனித்தனிக் கோப்புகளாக வெளியிடும்போது கோப்பின் பெயரில் இரட்டைப் புள்ளி எழுத்துகளை வைக்காமலிருப்பது நல்லது. புள்ளியிட்ட ஓ ஒரே எழுத்தாகவும் பதிவாகலாம், ஓவும் புள்ளிகளும் இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், வேறு கணினிக்குப் போனதும் தேடலில் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. கோப்புப் பெயரில் ஓ-க்குப் பின் ஓர் இ சேர்த்து எழுதுவதை ஜெர்மானியரே ஏற்றுக்கொள்வார்கள். அச்சாகும் பக்கத்தில் மட்டும் புள்ளிகளை விட்டுவிடாதீர்கள்; பிடிஎஃப்பைத் திறந்து ஹோர்னர், கோன்ட்ராபெஸ்ஸெ இருக்கும் முதல் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.